வெயிலைப் போத்திலுக்க அடைக்கலாமோ? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெயிலை ஒரு திரவத்துக்குள்ள பிடிச்சு 18 வருசம் வச்சிருந்து பிறகு சூடா எடுக்கலாமெண்டு வட்ஸ்அப்பில ஒரு வீடியோ வந்தது. உண்மையோ? காலபோக வெட்டு நேரம் மழை பிடிச்சா நெல்லுக் காயப்போட வழியில்லாமல் நிக்கிறம், அதுக்கு உதவுமோ?
ஒரு கமக்காரர், மாங்குளம்

பதில்: உண்மைதான் ஐயா. சுவீடன்ல சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில காஸ்பர் மோத்-பவுல்சனும் அவற்ற ஆக்களும் செய்த வேலை. நோர்போனடையீன் எண்டொரு மூலக்கூறில ஒளி பட்டா உள்ள இருக்கிற பிணைப்புகள் இடம்மாறி, குவாட்ரிசைக்கிளேன் எண்டு நெருக்குப்பட்ட வடிவமா மாறிடும், எலிப்பொறியை இழுத்துக் கொளுவின மாதிரி, தட்டுற வரைக்கும் அப்பிடியே நிக்கும். தட்டுறது ஊக்கி, அதாவது தான் செலவாகாமல் மாற்றத்தை முடுக்கிவிடுற பொருள். கோபாற்று ஊக்கிக்குள்ளால திரவத்தை விட்டா பழைய வடிவத்துக்குத் திரும்பி, அடைச்ச சக்தி சூடா வரும், அவையின்ர பரிசோதனையில 63 பாகை கூடினது. பிறகு அதே திரவத்தைத் திரும்ப வெயிலுக்கு விடலாம். வச்சிருக்கேக்க போத்தில் சுடாது, அதால ஆறிப்போற கதையும் இல்லை, இதுதான் எனக்கு இதில பெரிய விசயமாத் தெரியுது. 18 வருசம் எண்டது ஆரும் காத்திருந்து பாத்ததில்லை, கணக்குப் போட்டுச் சொன்னது.

இப்ப நெல்லுக்கு வருவம். 66 கிலோ மூடையொண்டை 20 வீத ஈரத்தில இருந்து 14 வீதத்துக்கு இறக்க நாலரைக் கிலோ தண்ணி போகவேணும், அதுக்குக் குறைஞ்சது 11 மெகாயூல் சூடு. குவாட்ரிசைக்கிளேன் கிலோவுக்கு ஒரு மெகாயூல் கிட்டத்தான் தரும், அப்ப ஒரு மூடைக்கே பதினொரு கிலோ, அதுவும் ஒண்டும் வீணாகாட்டி. ஒரு கிலோ உமியை எரிச்சா 13 மெகாயூல் வரை வரும், வீணாப்போறதைக் கழிச்சாலும் ரெண்டு மூண்டு கிலோ காணும். அதால இந்த மாரிக்கு றோட்டில படங்கு விரிச்சுக்கொண்டு வானத்தைப் பாக்காமல், நாலு கமக்காரர் சேந்து உமியில ஓடுற உலர்த்தியொண்டு போடப் பாருங்கோ, திரவம் வரும் எண்டு காத்திருக்கவேண்டாம்.

கேள்வி: அப்ப ஏன் இதுக்கு இவ்வளவு மினக்கெடுகினம்? தண்ணியைப் பிரிச்சு ஐதரசன் எடுக்கிறதுதானே நல்லம்?
உயர்தர மாணவி, பரந்தன்

பதில்: நல்ல கேள்வி பிள்ளை. 1972 இல யப்பானில புஜிஷிமாவும் ஹொண்டாவும் தைத்தேனியம் ஈரொட்சைட்டில ஒளி படவிட்டுத் தண்ணியைப் பிரிக்கலாமெண்டு காட்டினவை. ஆனா அது புறஊதாக் கதிரைத்தான் எடுக்கும், வெயிலில அது ஐஞ்சு வீதம் அளவுதான். நோர்போனடையீனுக்கும் இதே சிக்கல், வெறும் மூலக்கூறு 300 நனோமீற்றருக்குக் குறைஞ்ச அலைநீளமுள்ள புறஊதா ஒளியைத்தான் உறிஞ்சும், அது ஓசோனைத் தாண்டி நிலத்துக்கு வாறது அருமை. அதால மூலக்கூறின்ர பக்கத்தில வேற அணுக்கூட்டங்களை இணைச்சு நீல ஒளியையும் பிடிக்கப் பண்ணுகினம், இணைக்க இணைக்க மூலக்கூறு பாரமாகி கிலோவுக்கு வாற சக்தி குறையும். ஒண்டைக் கூட்டினா மற்றது இறங்குது பாருங்கோ, அந்த இடத்திலதான் இப்ப உலகம் முழுக்க மினக்கெடுகினம், உங்கட சேதன இரசாயனப் பாடத்தை விளங்கிப் படிச்சா நீங்களும் அதுக்குள்ள இறங்கலாம்.