கிணத்துக் கல்லும் டைனோசர் எலும்பும்: உங்கட கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (புன்னாலைக்கட்டுவன்): அண்ணை, கிணறு ஆழப்படுத்தேக்க வந்த கல்லில சங்கு மாதிரி ஒரு உரு இருக்கு. படம் அனுப்பியிருக்கிறன். டைனோசர் காலத்துச் சாமானோ?

பதில்: அது சங்கின்ர உள்ளச்சு. சங்குக்குள்ள சேறு நிறைஞ்சு இறுகினாப்பிறகு ஓடு கரைஞ்சு போட்டுது. அதாலதான் ஓட்டின்ர மினுக்கம் இல்லாமல் திருகு மட்டும் தெரியுது.

டைனோசர் காலம் இல்லை. எங்கட செம்பாட்டு மண்ணுக்குக் கீழ கிடக்கிற சுண்ணாம்புக்கல் மயோசின் காலத்தது. மயோசின் தொடங்கினதே ஏறக்குறைய 2.3 கோடி வருசத்துக்கு முந்தி. பறவையளைத் தவிர்ந்த டைனோசர் எல்லாம் 6.6 கோடி வருசத்துக்கு முந்தியே அழிஞ்சிட்டுது. இரண்டுக்கும் நடுவில 4 கோடி வருசத்துக்கு மேல இடைவெளி.

ஆனா அந்தக் கல்லைத் தயவுசெய்து எறிஞ்சு போடாதேங்கோ. தண்ணியில ஊறவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால மெல்லத் தேய்ச்சு, பின்னேர வெயில் சரிவா விழக்கூடினமாதிரி பிடிச்சுப் பாருங்கோ. குண்டூசித் தலையளவில வட்டப் புள்ளியள் தெரிஞ்சால் அது போராமினிபெராவா இருக்கலாம். ஒரே ஒரு கலம் கொண்ட கடல் உயிர் கட்டின கூடு. கல்லின்ர வயசைப் புவியியலாளர் சொல்லுறது பெரும்பாலும் இந்தப் புள்ளியளை வைச்சுத்தான்.

கேள்வி (நெடுந்தீவு): எங்கட ஊரில இராட்சத மனிதன்ர பாதம் எண்டு ஒரு தடம் காட்டுறவை. அது டைனோசர் மிதிச்சதா இருக்குமோ சேர்?

பதில்: இருக்க ஏலாது. தீவில கிடக்கிற சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் டைனோசருக்குக் கனகாலம் பிந்தினது. உண்மையான காலடி ஒண்டோட நிக்காது. இடம், வலம் எண்டு ஒரே அளவு இடைவெளியில தொடரும், மிதிச்ச சேறு விளிம்பில பிதுங்கி நிக்கும். சுண்ணாம்புக்கல்லை மழைத்தண்ணி கரைக்கேக்க எல்லா வடிவிலயும் பள்ளம் விழும். ஊர்க்கதையைக் கதையாப் பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, அது உங்கட ஊரின்ர சொத்து.

கேள்வி (கொழும்புத்துறை, ஏ.எல். மாணவன்): அப்ப இலங்கையில டைனோசரே இல்லையோ?

பதில்: எலும்பு இன்னும் கிடைக்கேல்லை, தம்பி. தீவின்ர பத்தில ஒன்பது பங்கு, 50 கோடி வருசத்துக்கு முந்தியே நிலத்துக்கடியில வெந்து உருமாறின பாறை. அதுக்குள்ள எலும்பு தேடிப் பிரயோசனமில்லை. விதிவிலக்கு புத்தளம் பக்கத்துத் தப்போவ, ஆண்டிகம, பல்லம. அங்க டைனோசர் வாழ்ந்த ஜுராசிக் காலத்துப் படிவு இருக்கு, பன்னம், சைக்கஸ் போன்ற தாவரங்களின்ர இலைத்தடமும் கிடைச்சிருக்கு. டைனோசர் திண்ட மாதிரியான இலை இருக்கு, திண்ட விலங்கைத்தான் காணேல்லை. உங்கட வயசுக்காரர் ஆராவது அங்க ஒழுங்காத் தேடவேணும் எண்டது என்ர பெரிய ஆசை.

இரத்தினபுரியில மாணிக்கக் குழியளுக்குள்ள வந்த நீர்யானை, காண்டாமிருக எலும்புகள் வேற கதை. அவை டைனோசருக்கு வெகு பிந்தின விலங்குகள்.

கேள்வி (சாவகச்சேரி): எங்களுக்குக் கிட்டடியில டைனோசர் எலும்பு எடுத்த இடம் எது? எப்பிடித்தான் அவை கண்டுபிடிக்கிறவை?

பதில்: கடலுக்கு அங்கால, தமிழ்நாட்டு அரியலூர். பாக்கு நீரிணைக்குக் கீழால வடஇலங்கை வரைக்கும் நீளுற காவேரிப் படுகையின்ர மேற்கு ஓரம் அது. டைனோசரின்ர கடைசிக் காலமான கிரட்டேசியஸ் படிவு அங்க வெளியில தெரியுது. அதே காலப் படிவு எங்கட பக்கம் ஆழத்தில புதைஞ்சு கிடக்கு. 1970களில மன்னார் பேசாலையில எண்ணெய் தேடித் துளைச்சவை. துளைக்கலாம், ஆனா நடந்து தேட ஏலாது. அதுதான் வித்தியாசம்.

ஏனெண்டால் எலும்பு தேடுறதில முக்கால்வாசி நடைதான். முதல்ல புவியியல் படத்தில சரியான வயசுப் படிவுப் பாறையைப் பார்ப்பினம். பிறகு மழை விட்ட கையோட, தண்ணி அரிச்ச ஓடையளுக்குள்ள குனிஞ்சபடி நடப்பினம். அரியலூர்ப் பக்கத்துக் காரை எண்ட இடத்தில நான் நடந்திருக்கிறன். சிவப்பும் சாம்பலுமான மேட்டுச் சரிவில ஜிப்சம் தகடுகள் கண்ணாடி உடைஞ்ச மாதிரி மின்னும். பென்சில் துண்டு போல பெலம்னைட்டுகள், அதாவது கணவாய் மாதிரியான அழிஞ்சுபோன கடல் உயிரின்ர உள்ளோடுகள், சிதறிக் கிடக்கும். ஒரு மணித்தியாலத்தில கண் பழகி, கல்லையும் உயிரின்ர உருவையும் தானாப் பிரிக்கும்.

சின்ன எலும்புத் துண்டு ஒண்டு கண்டால் அதிலயே கிண்ட மாட்டினம். தண்ணி உருட்டிக் கொண்டுவந்த துண்டுதானே, அதால சரிவில மேல ஏறி, துண்டுகள் எந்த இடத்தோட முடியுதெண்டு பார்ப்பினம். அதுக்குக் கொஞ்சம் மேலதான் மிச்சம் கிடக்கும். கல்லோ எலும்போ எண்டு ஐமிச்சமெண்டால் நாக்கு நுனியில வைப்பினம்; நுண்துளை உள்ள எலும்பு ஒட்டிப் பிடிக்கும். பிறகு தூரிகை, பல் வைத்தியர் பாவிக்கிற ஊசி, பசைக் கரைசல். கடைசியாச் சாக்குத் துணியைப் பிளாஸ்டர் சாந்தில தோய்ச்சுச் சுத்திக் கட்டுவினம், முறிஞ்ச கைக்குக் கட்டுற மாதிரி.

இவ்வளவு கவனம் ஏனெண்டு கேட்டால் கல்லமேட்டைச் சொல்லுவன். அது அரியலூர்ப் பக்கத்து ஊர். அங்க எடுத்த டைனோசர் எலும்புகளுக்கு 1980களில பிருகத்காயசோரஸ் எண்டு பேர் வைச்சவை. முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டும் 2 மீற்றர் எண்டு அளந்திருக்கினம். எடுத்த எலும்பு பொடிஞ்சு போட்டுது. இண்டைக்கு மிஞ்சினது படங்களும் குறிப்பும்தான். உலகத்தில மிகப் பெரிய தரை விலங்கா இருந்திருக்கலாம், ஆனா திருப்பி அளக்க ஒண்டுமில்லை. எனக்கு இது இப்பவும் மனம் தாங்காத விசயம்.

கேள்வி (மானிப்பாய்): காபன் 14 முறையால வயசு பார்க்க ஏலாதோ?

பதில்: ஏலாது. அது ஏறக்குறைய 50,000 வருசம் மட்டுந்தான். டைனோசருக்கு எரிமலைச் சாம்பலும் கூடக் கிடக்கிற கடல் உயிர்களும்தான் உதவும்.

கேள்வி (நல்லூர்): பெரம்பலூரில டைனோசர் முட்டை எண்டு போனில ஒரு படம் சுத்தினது. மெய்யோ?

பதில்: 2020இல குன்னத்தில குளத்து மண் வெட்டேக்க வந்த உருண்டைக் கல்லுகள். போய்ப் பார்த்தவை முட்டை இல்லையெண்டு சொல்லிப்போட்டினம். கடலடிச் சேறு உருண்டையா இறுகினது. மெய்யான முட்டைக்கு ஓடு இருக்கும், ஓட்டில மூச்சுத்துளை இருக்கும். அப்பிடியானது நர்மதைப் பள்ளத்தாக்கில நிறைய: மத்தியப் பிரதேசத் தார் மாவட்டத்தில 92 கூடு, 256 முட்டை எண்டு 2023இல ஆய்வு வெளியானது.

கேள்வி (அளவெட்டி, வயசு 9): மாமா, நான் டைனோசர் கண்டுபிடிக்கோணும். இப்ப என்ன செய்ய?

பதில்: பிள்ளை, ஒரு கொப்பி வாங்குங்கோ. எந்தக் கிணத்தில கல்லு வந்தாலும் ஊர், திகதி, எத்தினை அடி ஆழம், எந்தப் பக்கம் மேல இருந்தது எண்டு எழுதி, பக்கத்தில ஒரு நாணயம் வைச்சுப் படம் எடுங்கோ. பெரியாக்கள் கிணத்துக்குள்ள இறங்கட்டும், நீங்கள் மேல நிண்டு எழுதுங்கோ. முதல் பக்கம் நிரம்பினவுடன எனக்கு அனுப்புங்கோ, நான் ஒவ்வொண்டாப் பார்த்துப் பதில் எழுதுவன்.