ஏற்காடு மலை ஏற வளர்ச்சி ஹார்மோன் ஊசி உதவுமா?

கேள்வி: வயது 29, சேலம் கோரிமேடு. ஞாயிறுதோறும் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓடுகிறேன். "கொழுப்பு எரியும், கிளைகோஜன் (தசையில் சேமித்த மாவுச்சத்து) மிச்சமாகும், மலையில் சோர்வு வராது" என்று ஜிம்மில் ஒருவர் சொன்னதால், இரண்டு மாதமாக வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். உடம்பு முறுக்கேறியிருக்கிறது, ஆனால் ஓடும் நேரம் குறையவில்லை. காலையில் விரல்கள் மரத்துப்போகின்றன. வெறும் வயிற்றில் சுகர் 112. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஊசியைத் தொடரலாமா?

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். ஸ்டீராய்டு மாத்திரையைப் போலப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை.

ஜிம் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. இந்த ஹார்மோன் கொழுப்புத் திசுவைக் கரைத்து, கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் இறக்கிவிடும். ஆனால் இறங்கிய கொழுப்பெல்லாம் எரிந்துவிடுவதில்லை. ரத்தத்தில் அது மிதமிஞ்சி நிற்கும்போது தசை குளுக்கோஸை எடுத்துக்கொள்வது குறைகிறது, இன்சுலினின் பேச்சும் எடுபடுவதில்லை. போதாக்குறைக்குக் கல்லீரல் குளுக்கோஸைக் கூடுதலாக வெளியே விடுகிறது. உங்கள் 112 இப்படி வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அப்பாவுக்கும் இருப்பதால் உங்களுக்கு இது இன்னும் கவலைக்குரியது.

இப்போது மலைக்கு வருவோம். சமதளத்தில் மெதுவாக ஓடினால் கொழுப்பே பெரும்பங்கு எரிபொருள். கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சிரைக்க ஏறும்போது அது போதாது. ஒரே அளவு ஆக்சிஜனுக்குக் கொழுப்பைவிட மாவுச்சத்துதான் கூடுதல் சக்தி தரும். 20 வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். அங்கே போய் குளுக்கோஸுக்குத் தடை போடும் மருந்தை ஏற்றிக்கொண்டால் எப்படி? நன்கு பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கு மிதிக்கத் தொடங்கும் முன் ஒரே ஒரு ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2002இல் வந்தது. கடும் உழைப்பில் தசை வெளிவிடும் லாக்டேட் ரத்தத்தில் கூடியது. சிலரால் முழு நேரமும் மிதிக்கவே முடியவில்லை. 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், சில விநாடி முழுவேகத்தில் மிதிக்கும் திறன் மட்டும் சற்றுக் கூடியது. உடல் பயன்படுத்தும் உச்ச ஆக்சிஜன் அளவு அசையவில்லை. நெடுந்தூர ஓட்டக்காரருக்கு அந்தச் சில விநாடியால் என்ன லாபம்?

உடம்பு முறுக்கேறியது என்கிறீர்கள். அதில் கணிசமானது தண்ணீர். இந்த ஹார்மோன் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும், கூடவே நீரும் தங்கும். மணிக்கட்டில் நீர் கோத்து நரம்பை அழுத்துவதால்தான் விரல் மரத்துப்போகிறது. அந்தக் கூடுதல் எடையையும் சேர்த்துத்தான் மலை ஏறுகிறீர்கள்.

ஊசியை நிறுத்திய சில வாரங்களில் வீக்கமும் மரப்பும் பெரும்பாலும் வடிந்துவிடும். அப்புறம் வெறும் வயிற்று சுகரையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். எச்பிஏ1சி மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். அது ரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரி, அண்மையில் ஏறியதை முழுதாகக் காட்டாது. ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். ஊசியை நிறுத்தியும் வெறும் வயிற்று சுகர் 100க்குக் கீழே இறங்காவிட்டால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறக்கம் இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்காமல் உடனே போங்கள்.

ஊசி மருந்தை ஜிம் நண்பர் எங்கே வாங்கினார், 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்தாரா, ஒரே குப்பியிலிருந்து பலருக்கு எடுத்தாரா என்றும் கேளுங்கள். ஊசியைப் பகிர்ந்திருந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனையும் அவசியம். இதைக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

போட்டிகளில் ஓடுபவரானால் இன்னொன்று: உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில் இது போட்டி நாளில் மட்டுமல்ல, எல்லா நாளும் தடை. "இது ஹார்மோன் இல்லை, ஹார்மோனைச் சுரக்க வைக்கும் பெப்டைடுதான் (சிறு புரதத் துண்டு)" என்று அவர் அடுத்து எதையாவது நீட்டினால், அதுவும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.