அணியும் டிஃபிப்ரிலேட்டர்: இறுக்கமும் அலாரமும் எதற்காக?

கேள்வி: அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் 30 சதவீதம்தான் என்று சொல்லி, மூன்று மாதம் அணியும் டிஃபிப்ரிலேட்டரை (இதயத் துடிப்பு ஆபத்தாக மாறினால் தானே மின்னதிர்ச்சி கொடுக்கும் சட்டை போன்ற கருவி) போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். சட்டை இறுக்குகிறது, புரண்டு படுத்தாலே அலாரம் அடிக்கிறது என்று அப்பா இரவில் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார். ஓர் அளவு பெரிய சட்டை கேட்டு வாங்கலாமா? அலாரம் அடிக்கும்போது நானே பொத்தானை அழுத்தி நிறுத்தலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொத்தானை உங்கள் அப்பாவைத் தவிர வேறு யாரும் அழுத்தக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

காரணம் இதுதான். இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கினால், மூளைக்கு ரத்தம் நின்று சில நொடிகளில் நினைவு போய்விடும். மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆனால், கருவிக்குத் தெரிவது மார்பின் மேல் கிடைக்கும் மின்சைகை மட்டுமே. அணிந்திருப்பவர் விழித்திருக்கிறாரா, விழுந்து கிடக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான், மின்னதிர்ச்சி கொடுக்கும் முன், அது முதலில் அதிர்கிறது, பிறகு சைரன் ஒலிக்கிறது, பேசவும் செய்கிறது. அவர் பொத்தானை அழுத்தினால், நினைவோடு இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அதிர்ச்சியைத் தள்ளிப்போடுகிறது. நினைவிழந்து கிடப்பவருக்காக நீங்கள் அழுத்தினால், உயிரைக் காக்க வேண்டிய அதிர்ச்சியை நீங்களே தடுத்து நிறுத்தியதாகிவிடும்.

அடுத்து சட்டை. பெரிய அளவு வாங்கினால் அலாரம் குறையாது, கூடும். இதயத்தின் மின்சைகை தோலின் மேல் ஒரு மில்லிவோல்ட் அளவுதான் இருக்கும். மருத்துவமனையில் இசிஜி எடுக்கும்போது ஜெல் தடவிய ஒட்டு மின்முனைகளைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றையே மாதக்கணக்கில் ஒட்டி வைத்தால் தோல் புண்ணாகிவிடும். ஆகவே, சட்டையாக அணியும் கருவியில் உலர்ந்த மின்முனைகளை வைக்கிறார்கள். அவற்றைத் தோலோடு பிடித்து வைப்பது பசை அல்ல, பட்டையின் இறுக்கம். பட்டை தளர்ந்தால் மின்முனை தோலின் மேல் வழுக்கும். தோலுக்கும் மின்முனைக்கும் நடுவே நிலைத்திருக்கும் மின்னூட்டம் அப்போது கலைந்து, இதயத் துடிப்பையே மூழ்கடிக்கும் இரைச்சலாகப் பதிவாகும். திரையில் அந்தக் கோணல்மாணல் கோட்டைப் பார்த்தால், கீழறை நடுக்கத்தின் கோட்டோடு சில சமயம் குழப்பிக்கொள்ளும் அளவுக்கு ஒத்திருக்கும். புரண்டு படுக்கும்போது அலாரம் அடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கருவியும் ஒரே பார்வையில் முடிவு செய்துவிடுவதில்லை. பரவலாகப் பயன்படும் வடிவமைப்பில் நான்கு மின்முனைகள் உண்டு. முன்னும் பின்னும் ஒரு ஜோடி, இரு பக்கமும் ஒரு ஜோடி என இரண்டு கோணங்களில் இதயத்தைக் கவனிக்கின்றன. துடிப்பின் வேகம், ஆரம்பத்தில் பதிந்து வைத்த இயல்பான அலையோடு இப்போதைய அலையின் வடிவம் எவ்வளவு ஒத்துப்போகிறது, இரைச்சல் எவ்வளவு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் சைரன்.

அதிர்ச்சியைப் பொறுத்தவரை ஆற்றல் பெரிய சிக்கலே இல்லை. இந்த வகைக் கருவி ஒருமுறை கொடுப்பது சுமார் 150 ஜூல். சாதாரணக் கைபேசி பேட்டரியில் பல்லாயிரம் ஜூல் இருக்கிறது. சிக்கல், அதைச் சில மில்லிநொடிகளுக்குள் மார்புக்குள் செலுத்துவதில்தான். 150 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 150 ஜூலைச் சேமிக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 1,400 வோல்ட் வரை ஏற்ற வேண்டும். இடுப்பில் தொங்கும் பெட்டியின் பருமனில் கணிசமான பங்கு அந்த மின்தேக்கிக்கும், அந்த வோல்டேஜ் கசியாமல் காக்கும் காப்புக்கும் போகிறது. உலர்ந்த தோல் வழியே இதைப் பாய்ச்சினால் தீக்காயமும் வரும், மின்னோட்டமும் குறையும். அதற்காகவே முதுகிலும் மார்பிலும் உள்ள அதிர்ச்சித் தகடுகளில் ஜெல்லை அடைத்து வைத்து, அதிர்ச்சிக்குச் சற்று முன் தானாக வெளியேறச் செய்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கருவியிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. ஆகவே, உள்ளே பனியன் வேண்டாம். மார்பில் கிரீம், பவுடர் வேண்டாம். அந்தத் தகடுகளின் உலோகப் பக்கம் தோலைப் பார்த்து இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை துவைத்து மாட்டும்போதும் பாருங்கள். ஒருமுறை ஜெல் வெளியேறிவிட்டால் அந்தத் தகடுகளை மாற்றியாக வேண்டும்.

அப்பா மீது கோபப்படாதீர்கள். 2018இல் வெளியான வெஸ்ட் என்ற ஆய்வில், மாரடைப்புக்குப் பின் இதயம் பலவீனமான 2,302 பேர் பங்கேற்றார்கள். துடிப்புக் கோளாறால் நேர்ந்த இறப்பு கருவி கொடுக்கப்பட்டவர்களில் 1.6 சதவீதம், மற்றவர்களில் 2.4 சதவீதம். புள்ளியியல்படி இது உறுதியான வித்தியாசம் அல்ல. ஆனால், கருவி பெற்ற குழுவில் இறந்த 48 பேரில், இறந்த நேரத்தில் அதை அணிந்திருந்தவர்கள் 12 பேர்தான். இவ்வளவு பேர் கழற்றி வைக்கிறார்கள் என்றால், அதில் வடிவமைப்பாளர்களான எங்களுக்கும் பொறுப்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது, மார்புச் சுற்றளவை மறுபடி அளக்கச் சொல்வது. மருத்துவமனையிலிருந்து வந்தபின் பலருக்கு எடை குறைகிறது, எலாஸ்டிக்கும் துவைக்கத் துவைக்கத் தளர்கிறது. சரியான அளவில் மாற்றுச் சட்டை கேளுங்கள். படுக்கும்போது பெட்டியைத் தலையணைக்கு அடியில் வைக்காமல், அப்பாவின் கை எட்டும் இடத்தில் வையுங்கள். அலாரம் அடித்த நேரத்து இசிஜி கருவியில் பதிவாகியிருக்கும். அதை மருத்துவர் பார்த்தால் இரைச்சலா, உண்மையான கோளாறா என்று சொல்லிவிடுவார். சில கருவிகளில் தூங்கும் நேரத்துக்கு மட்டும் பதில் சொல்லக் கூடுதல் அவகாசம் வைக்கவும் முடியும். கழற்றுவது குளிக்க மட்டும் இருக்கட்டும், அப்போது கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

ஸ்டென்ட் வைத்து 90 நாள் ஆனபின் எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பார்கள். இதயத்தின் திறன் 35 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் உடலுக்குள் பொருத்தும் கருவியைப் பற்றி மருத்துவர் பேசுவார். அதுவரை இன்னொன்றை நினைவில் வையுங்கள்: இந்தச் சட்டை வேகமான துடிப்பைத்தான் சரிசெய்யும், பேஸ்மேக்கர் போல மந்தமான துடிப்பைத் தூண்டாது. அப்பாவுக்குத் தலைசுற்றலோ மயக்கமோ வந்தால், அலாரம் அடிக்கவில்லையே என்று காத்திருக்காமல் உடனே ஆம்புலன்சை அழையுங்கள்.