மலையகத்தில் லொறி ஓட்டுபவருக்குக் காகித வீதி அட்லஸ் தேவையா? எதை வாங்கலாம்?

கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டேன், நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டப் போகிறேன், போனில் மேப் இருக்கும்போது அட்லஸுக்குக் காசு செலவழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செலவழியுங்கள் தம்பி. இந்த மலையில் ஓடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

போன் காட்டும் வழி பெரும்பாலும் கார் போகிற வழி. எது சீக்கிரம் போகும் என்று அதற்குத் தெரியும். பாரம் ஏற்றிய லொறி எந்த இறக்கத்தில் இறங்கலாம் என்று தெரியாது. உதாரணத்துக்கு நானுஓயாவிலுள்ள ரதல்ல குறுக்கு வீதியைச் சொல்லலாம். தூரம் குறையும்தான், ஆனால் செங்குத்தான இறக்கம். 2023 ஜனவரியில் பஸ், வேன், முச்சக்கர வண்டி மோதி 7 பேர் உயிரிழந்தது அங்கேதான். கனரக வாகனங்கள் அதில் போகக்கூடாது. தலவாக்கலைப் பக்கம் போகும்போது போன் அதைக் காட்டினாலும் நீங்கள் பிரதான வீதியிலேயே போக வேண்டும்.

அமெரிக்காவில் லொறிச் சாரதிகளுக்கென்றே தனி அட்லஸ் அச்சிடுகிறார்கள். தாழ்வான பாலம் எது, பாரக் கட்டுப்பாடு எங்கே, கனரக வாகனம் போகக்கூடிய வீதி எது எல்லாம் அதில் இருக்கும். நம் நாட்டுக்கு அப்படி ஒன்றை நான் கடையில் பார்த்ததில்லை. அதனால் சாதாரண வீதி அட்லஸை வாங்கி, அதை லொறி அட்லஸாக நாமேதான் ஆக்கிக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது முதலில் அளவுத்திட்டத்தைப் பாருங்கள். முழுத்தீவையும் ஒரே தாளில் காட்டும் 1:500,000 படத்தில் ஒரு சென்றிமீற்றர் என்றால் நிலத்தில் 5 கிலோமீற்றர். நுவரெலியாவுக்கும் றம்பொடைக்கும் இடையிலுள்ள அத்தனை முடக்கும் மூன்று சென்றிமீற்றர் அளவுக்குள் அடங்கிவிடும். மாற்று வழி யோசிக்க அது நல்லது, இறக்கத்தைப் புரிந்துகொள்ள உதவாது. அதற்கு நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப்படம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் புவியியல் பாடத்தில் பார்த்திருப்பீர்களே, அதேதான். முழுத்தீவுக்கும் 92 தாள்கள். எல்லாம் வேண்டாம், நீங்கள் ஓடும் வீதி விழும் தாள்கள் மட்டும் போதும். திணைக்களத்தின் தலைமை அலுவலகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில், கிருல வீதியில் இருக்கிறது. கொழும்புக்குத்தானே போகிறீர்கள், ஒரு நாள் இறங்கிக் கேளுங்கள்.

அந்தத் தாளில் வீதியைவிடச் சமவுயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, நன்றாகப் பாருங்கள். கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் வீதி அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் கடும் இறக்கம். கோட்டோடு கோடாகப் போனால் மட்டமான வீதி. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி 500 மீற்றர் அளவில். A5 வீதியில் 80 கிலோமீற்றருக்குள் அந்த உயரம் முழுவதையும் இறங்கித் தீர்க்க வேண்டும். எல்ல-வெல்லவாய வீதி இன்னும் மோசம். 30 கிலோமீற்றருக்குள் 800 மீற்றருக்கு மேல் விழுகிறது. இறக்கம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று முதல்நாள் இரவே தெரிந்தால், தொடக்கத்திலேயே கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் இறக்கலாம். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து, சூடேறி, பிடிக்காமல் போன பிறகு கியரைத் தேடினால் விழாது.

பதிப்பு ஆண்டையும் பாருங்கள். கடையில் புரட்டும்போது 2022இல் திறந்த மீரிகம-குருநாகல் அதிவேக வீதி இருக்கிறதா என்று பார்த்தாலே அட்லஸ் எவ்வளவு புதிது என்று விளங்கிவிடும். 1:50,000 தாள்களில் சில பழையவை, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சரிவைப் பார்க்கத்தானே அவற்றை வாங்குகிறோம்.

மாற்று வழி விஷயத்தில்தான் காகிதத்தின் அருமை தெரியும். நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு மூன்று பெரிய வழிகள்: ஹட்டன், கித்துல்கல வழியாக A7, றம்பொடை, கம்பளை வழியாக A5இல் பேராதனைக்கு இறங்கி A1, அல்லது வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை வழியாக பெரகலவுக்கு வந்து A4இல் இரத்தினபுரி. இவற்றுக்கு இடையே கினிகத்தேனை-நாவலப்பிட்டி போன்ற இணைப்பு வீதிகள். கித்துல்கலப் பக்கம் மண் சரிந்தது என்று கேள்விப்பட்டால், எந்த இடத்தில் திரும்பினால் மறுபக்கம் போகலாம் என்று விரித்த தாளில் ஒரே பார்வையில் தெரியும். போனின் சின்னத் திரையில் இழுத்து இழுத்துப் பார்த்தால் இது மனதில் பதியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பல வீதிகள் ஒரே நேரத்தில் அடைபட்டன. பல ஊர்களில் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. அப்போது போனை நம்பி என்ன செய்வது?

சரி, வாங்கியாயிற்று. அப்புறம் பென்சிலை எடுங்கள். பிரேக் ஆற லொறியை ஓரங்கட்டக்கூடிய அகலமான இடம், தண்ணீர் பிடிக்கும் பீலி, பஸ் வந்தால் நாம் நின்றுகொடுக்க வேண்டிய முடக்கு, பிற்பகலில் பனிமூட்டம் இறங்கும் பகுதி, தோட்டத்துப் பாலத்தில் எழுதியிருக்கும் பார அளவு, தாழ்ந்த மரக்கிளை, எல்லாவற்றையும் குறியுங்கள். பக்கத்தில் கிலோமீற்றர் கட்டை எண்ணையும் எழுதுங்கள். வண்டி நின்றுவிட்டால் எத்தனையாவது கட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று சொன்னால்தான் உதவிக்கு வருபவர் நேரே வருவார். தோட்டத்துக்குள் உரம் இறக்கப் போனால், மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் வேறு வேறு பாதை இருக்கும். லொறி திரும்ப எங்கே இடம் உண்டு என்று உள்ளே போகுமுன் அங்குள்ளவர்களிடம் கேட்டுக் குறியுங்கள். தாளை லெமினேட் பண்ணச் சொல்வார்கள், பண்ணாதீர்கள், பிறகு பென்சில் எழுதாது. ஈரம் படாமல் தடித்த பிளாஸ்டிக் உறையில் வைத்தால் போதும். ஓட்டும்போது விரிக்கவே கூடாது. கிளீனருக்கும் படம் பார்க்கப் பழக்குங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயரில் வெளியிடும். வீதிப் பெயரில் வராது. நீங்கள் ஓடும் வீதி எந்தெந்தப் பிரிவுகளின் ஊடாகப் போகிறது என்று அட்லஸில் எல்லைக்கோடு போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் வானொலியில் கொத்மலை, வலப்பனை என்று பெயர் வாசிக்கும்போதே நாளைக்கு எந்த வழி வேண்டாம் என்று முடிவெடுத்துவிடலாம்.