மலிவு டிவி போதுமா, காசு கூட்டிப் போடலாமா? ஒரு டிவி மெக்கானிக்கிடம் கேட்டவை

தர்மபுரியில் இருபது வருஷத்துக்கு மேலாக டிவி சர்வீஸ் செய்கிறேன். அரசு 2006-ல் கொடுக்க ஆரம்பித்த 14 அங்குல கலர் டிவிகளில் கைபழகியவன். இப்போது என் பெஞ்சில் கிடப்பதெல்லாம் பேனலும் (படம் காட்டுகிற திரை) பேக்லைட்டும்தான் (அதன் பின்னால் எரிகிற விளக்கு). டிவி விற்பதில்லை, அதனால் நீங்கள் எதை வாங்கினாலும் எனக்கு ஒன்றுதான். தீபாவளிக்கு டிவி பார்க்கக் கிளம்பியவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் கீழே தருகிறேன்.

பாலக்கோட்டிலிருந்து: அண்ணா, 43 இன்ச்சில் ரெண்டு டிவி பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு 22 ஆயிரம், இன்னொண்ணு 38 ஆயிரம். ரெண்டும் 4கே, ரெண்டும் கூகுள் டிவி. 16 ஆயிரம் எதுக்குக் கூடுதலா கொடுக்கணும்?

அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள் தம்பி, அந்த டிவிக்குள் என்ன போகப்போகிறது? கேபிள் பெட்டியா, யூடியூபும் ஓடிடியுமா, கேமா? சாதா எஸ்டி சேனலின் படத்தில் 720-க்கு 576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சம். 4கே திரையில் 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம். ஒரு புள்ளியை இருபதாக இழுத்துத்தான் திரையை நிரப்ப வேண்டும். ஒரு சொம்பு தயிரில் ஊருக்கே நீர்மோர் ஊற்றுகிற கதை. விலை கூடிய டிவியின் பிராசஸர் அந்த வேலையைக் கொஞ்சம் பக்குவமாகச் செய்யும், இல்லாததைக் கொண்டுவந்துவிடாது. சீரியலில் வரும் புடவையின் சரிகை 22 ஆயிரத்திலும் மசமசதான், 38 ஆயிரத்திலும் மசமசதான்.

அவரே: பகல் முழுக்க அம்மா கேபிள்தான் பார்க்கிறாங்க. ராத்திரி நான் கொஞ்ச நேரம் யூடியூப்.

அப்போது 22 ஆயிரமே எடுங்கள். ரேம் 2 ஜிபி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 1 ஜிபி டிவியில் ரெண்டு வருஷம் கழித்து ரிமோட்டை அழுத்திவிட்டு டீ போட்டுக்கொண்டு வரலாம். மிச்சக் காசில் கேபிள்காரரிடம் சொல்லி எச்டி பெட்டி மாற்றுங்கள். அம்மாவுக்கு அதில்தான் வித்தியாசம் தெரியும்.

ஓசூரிலிருந்து: சார், பிஎஸ்5 கேம் பெட்டி வச்சிருக்கேன். 55 இன்ச், 35 ஆயிரம், பெட்டி மேலேயே '120 ஹெர்ட்ஸ் எம்இஎம்சி'ன்னு போட்டிருக்கு. எடுக்கலாமா?

அந்தக் கடைசி வார்த்தையில்தான் சூட்சுமம். எம்இஎம்சி என்பது பேனலின் வேகமில்லை, டிவியின் பிராசஸர் செய்கிற வித்தை. ரெண்டு பிரேமுக்கு, அதாவது அடுத்தடுத்த ரெண்டு படத்துக்கு, நடுவில் தானே ஒரு பிரேமைக் கற்பனை செய்து சொருகும். பேனல் பல சமயம் 60 ஹெர்ட்ஸாகவே இருக்கும், அதாவது நொடிக்கு 60 தரம்தான் படத்தை மாற்றும். விவரப் பட்டியலில் பேனலின் சொந்த ரெப்ரெஷ் ரேட் (இந்த ஹெர்ட்ஸ் கணக்குதான்) எவ்வளவு என்று பாருங்கள். அதைக் கண்ணில் காட்டாத கம்பெனி என்றால் 60 என்றே வைத்துக்கொள்ளலாம். சில மாடல்களில் கேமுக்கு மட்டும் 120 வரும், ஆனால் படத்தின் நுணுக்கம் பாதியாகக் குறைந்துவிடும்.

பிஎஸ்5 கொடுக்கிற 4கே 120-ஐ அப்படியே வாங்க எச்டிஎம்ஐ 2.1 வேண்டும், அதாவது கேபிள் சொருகுகிற துளையில் புது வகை. 2.0 வழியாக 4கே 60-க்கு மேல் போகாது. நாலு எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் எல்லாமே 2.1 என்று அர்த்தமில்லை. எந்தத் துளை என்று பெரும்பாலும் பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள், குனிந்து பாருங்கள். உங்களுக்கு நான் செலவு செய்யத்தான் சொல்வேன். இந்த 35 ஆயிரத்தை ஸ்டிக்கருக்குக் கொடுக்காமல், நிஜ 120 பேனல் கிடைக்கும்வரை நாலு மாதம் பொறுங்கள்.

சினிமா பார்ப்பவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் உண்டு. சினிமா நொடிக்கு 24 பிரேம். 60-ஐ 24-ஆல் வகுத்தால் மீதி நிற்கும். அதனால் ஒரு பிரேமை மூன்று தரம், அடுத்ததை ரெண்டு தரம் என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது. கேமரா ஒரு மலையை மெதுவாக இடமிருந்து வலமாகச் சுற்றும்போது கவனியுங்கள், மலை சின்னச் சின்னதாகக் குலுங்கிக்கொண்டே போகும். 120-ல் ஒவ்வொரு பிரேமும் சரியாக ஐந்து தரம் வருவதால் மலை வழுக்கிக்கொண்டு போகும். ஒரு தரம் கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதை மறக்க முடியாது, அதனால் பட்ஜெட் டிவி வாங்கப்போகிறவர்கள் இந்தப் பத்தியைப் படிக்காததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து: மாங்காய்ப் பணம் கையில் இருக்குங்க. 65 இன்ச் பார்க்கிறோம். ஹாலில் எதிரே பெரிய ஜன்னல். விலை குறைஞ்சதிலேயே எச்டிஆர், டால்பி விஷன் எல்லாம் இருக்குன்னு கடையில் சொல்றாங்க.

'இருக்கு' என்பது பொய்யில்லை. எச்டிஆர், டால்பி விஷன் என்பவை வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டுகிற பட வகைகள். டிவி அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். காட்டுவதற்கு வெளிச்சம் வேண்டாமா? மலிவு டிவிகள் பெரும்பாலும் 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு). எச்டிஆர் படத்தில் விளக்கு விளக்காகவும் இருட்டு இருட்டாகவும் தெரிய 600-க்கு மேலாவது வேண்டும். உங்கள் ஜன்னல் வெயிலுக்கு 300 நிட்ஸ் டிவி வைத்தால் பகலில் உங்கள் முகத்தைத்தான் அதில் பார்ப்பீர்கள்.

பின்னால் எல்இடி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மினி எல்இடி டிவியில் நூற்றுக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் விளக்கைக் குறைக்கும். ஓரத்தில் மட்டும் எல்இடி வைத்த டிவியால் அது முடியாது, ராத்திரிக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும். கியூஎல்இடி என்ற பெயரைப் பார்த்தே காசைக் கூட்டாதீர்கள். அது நிறத்துக்கான ஒரு படலம், கறுப்பைச் சரிசெய்யாது. உங்கள் ஹாலுக்கு 65-ல் மலிவைவிட அதே காசுக்கு 55-ல் நல்ல மினி எல்இடி மேல். உட்காரும் தூரம் 55-க்கு ஏழு, ஏழரை அடி. 65-க்கு எட்டரை, ஒன்பது அடி. டேப் பிடித்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

தர்மபுரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: மகன் ஓஎல்இடி வாங்கித் தருகிறேன் என்கிறான். காலையிலிருந்து நியூஸ் சேனல்தான் ஓடும்.

ஐயா, மகனிடம் வேறு ஏதாவது கேளுங்கள். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், அதனால்தான் அந்தக் கறுப்பு அவ்வளவு அழகு. ஆனால் சேனல் லோகோவும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் நாளெல்லாம் ஒரே இடத்தில் எரிந்தால், அந்த இடத்துப் புள்ளிகள் முதலில் தேயும். அப்புறம் படம் பார்க்கும்போதும் மூலையில் லோகோவின் நிழல் நிற்கும். ராத்திரி விளக்கணைத்துப் படம் பார்ப்பவர்களுக்கான சாமான் அது.

ஊத்தங்கரையிலிருந்து: கண்காட்சியில் 55 இன்ச் 19 ஆயிரம். கம்பெனி பேரு கேள்விப்பட்டதில்லை. ஆண்ட்ராய்டுன்னு போட்டிருக்கு.

எந்த ஆண்ட்ராய்டு? போனுக்கான ஆண்ட்ராய்டை டிவியில் ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். அதில் படத்தை யாரும் காப்பியடிக்காமல் காக்கிற உரிமப் பாதுகாப்பு கீழ்நிலையில்தான் இருக்கும், அதாவது வைட்வைன் எல்3. ஓடிடி ஆப் திறக்கும், ஆனால் எச்டி வராது, 480 வரித் தரத்திலேயே நிற்கும். 4கே திரையில் கேபிள் தரம். கடையிலேயே வைஃபை போட்டு, நெட்ஃபிளிக்ஸ் திறந்து ஒரு படத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வந்துவிடுங்கள். அடுத்து உதிரிபாகம். இந்த மாதிரி டிவியின் போர்டைத் தேடி நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை.

பென்னாகரத்திலிருந்து: எங்க ஊர்ல வோல்டேஜ் ஏறி இறங்கும். விலை கூடின டிவி தாங்குமா அண்ணா?

இறங்குவதை எல்லா டிவியும் ஓரளவு தாங்கும், அநேகமாக எல்லாவற்றிலும் 100-லிருந்து 240 வோல்ட் வரை வேலை செய்கிற பவர் சப்ளைதான். ஏறுவதுதான் கொல்லும். மூன்று வருஷம் முன்னால் ஒரு காற்று மழையில் எங்கள் தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தது. நியூட்ரல் போனால் வீட்டுக்கு 230-க்குப் பதில் 400 வரை வந்துவிடும். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற என் வீட்டு 32 இன்ச், 'டப்' என்று ஒரு சத்தம், பவர் போர்டு கருகிய வாடை, முடிந்தது. அன்றைக்கு எதிர்வீட்டில் போனது லட்ச ரூபாய் டிவி. விலை பார்த்து வரவில்லை அந்த 400. இப்போது வோல்டேஜ் ஏறினால் தானே அணைக்கிற ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறேன். இடி மின்னலில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

அரூரிலிருந்து: பெங்களூரில் வாங்கினால் மலிவா?

வரி நாடு முழுக்க ஒன்றுதான். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது, அங்கேயும் இங்கேயும். அங்கே மாடல் அதிகம், அது உண்மை. காரில் படுக்கப் போட்டு மட்டும் கொண்டுவராதீர்கள். பேனலில் விரிசல் விட்டால் வாரண்டி கிடையாது, புதுப் பேனல் விலை கிட்டத்தட்ட டிவி விலை.

காவேரிப்பட்டினத்திலிருந்து: பெரிய டிவி கரண்ட் பில்லை ஏத்திடுமா?

55 இன்ச் சுமார் 120 வாட் என்று வையுங்கள். தினம் 5 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட், ரெண்டு மாத பில்லில் 36 யூனிட். பிரைட்னஸைக் குறைத்தால் இன்னும் குறையும்.

காரிமங்கலத்திலிருந்து: விலை கூடினது அதிக நாள் உழைக்கும்தானே?

அப்படி ஒன்றும் இல்லை. என்னிடம் வருவதில் பாதி, 'சத்தம் வருது, படம் வரலை' என்ற கேஸ். இருட்டில் திரைமேல் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். உள்ளே மங்கலாகப் படம் ஓடிக்கொண்டிருந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட் ஸ்ட்ரிப்தான் போயிருக்கிறது. பேனல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுக் காசு கொடுங்கள். ஸ்ட்ரிப் சீக்கிரம் போகக் காரணம் சூடு. கடையில் பளபளவென்று காட்டுவதற்காக எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள், வீட்டுக்கு வந்தும் அப்படியே நூறில் ஓடும். பேக்லைட்டை 60, 70-க்கு இறக்குங்கள், படத்தை சினிமா மோடில் போடுங்கள். முதல் ரெண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், அப்புறம் பழைய மோடுதான் கண்ணைக் குத்தும்.

பாலக்கோட்டுத் தம்பி மறுபடியும்: சரிண்ணா, உங்க வீட்டுல இப்ப என்ன டிவி?

43 இன்ச், சாதா 60 ஹெர்ட்ஸ், அன்றைக்குக் கருகியதற்கு அடுத்த வாரம் வாங்கியது. அதன் சாப்ட்வேர் மந்தமாகிவிட்டதால் ஆப்களை ஓட்டுகிற ஒரு ஸ்டிக் சொருகியிருக்கிறேன். மிச்சம் பிடித்த காசில் ஒரு சவுண்ட்பார். மெல்லிசு டிவிகளின் ஸ்பீக்கர் தரையைப் பார்த்துப் பேசும், வசனம் புரியாது. சரி, பெஞ்சில் ஒரு 50 இன்ச் காத்திருக்கிறது, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.