மண் சுவர் மேல் 20 டன் தளமா?

கேள்வி: ஐயா, பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமம். அப்பா கட்டிய 700 சதுர அடி ஓட்டு வீடு, மண் சாந்துச் சுவர். மரமெல்லாம் கரையான் அரித்துவிட்டது, மழைக்கு ஒழுகுகிறது. கான்கிரீட் தளம் போட 8 லட்சம், இரும்புச் சட்டத்தில் ஓடு போட 2.4 லட்சம், கலர் ஷீட் 1.9 லட்சம், ஆஸ்பெஸ்டாஸ் 1.1 லட்சம் கேட்கிறார்கள். சம்பளம் 32,000. கையில் 1.5 லட்சம் இருக்கிறது, பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்காக 3 லட்சம் டெபாசிட். 14% வட்டியில் 8 லட்சம் கடன் வாங்கித் தருகிறேன், வரிச் சலுகையும் உண்டு என்கிறார் ஒரு ஏஜெண்ட். தளமே போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். ஐந்து வருடக் கடன் என்றால் மாதம் சுமார் 18,600 தவணை, வட்டி மட்டும் 3 லட்சத்துக்கு மேல் போகும். மிச்சம் 13,400-ல் குடும்பம் நடத்தி, நடுவில் மகளைக் காலேஜிலும் சேர்க்க வேண்டும். வரிச் சலுகை பேச்சை விடுங்கள், வருடம் 3.84 லட்சம் சம்பளத்துக்கு வரியே வராது, அப்புறம் எதில் கழிப்பது?

இன்னொன்று, 5 அங்குலத் தளம் உங்கள் அளவுக்குக் கிட்டத்தட்ட 20 டன் வரும். ஓடு மூன்று, நாலு டன்தான். மண் சாந்துச் சுவர் அந்த 20 டன்னைத் தாங்காது, தனியாகத் தூண் எழுப்ப வேண்டும். உங்களிடம் கேட்ட 8 லட்சத்தில் தூணும் அஸ்திவாரமும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பாதி வேலையில்தான் அந்தப் பேச்சு வரும். "இன்னும் ஓட்டு வீடா?" என்று கேட்கும் சொந்தக்காரர் தவணை கட்ட வரமாட்டார்.

ஆஸ்பெஸ்டாஸ் மலிவுதான், ஆனால் அதை அறுக்கும்போதும் உடையும்போதும் பறக்கிற நார் புற்றுநோய் தரக்கூடியது, அதனால் என் கணக்கில் அது சேராது. கலர் ஷீட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சித்திரை வெயிலில் அதன் கீழே மதியம் படுத்துப் பார்த்தவன் நான். அடியில் சீலிங் போட்டால்தான் இருக்க முடியும், அந்தச் செலவையும் சேர்த்தால் ஓட்டின் விலைக்கே வந்து நிற்கும். ஸ்குரூவுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் சில வருடத்தில் வெடித்து, அங்கேயே ஒழுகும். 2018 கஜாவில் உங்கள் பக்கம் ஷீட்டும் பறந்தது, ஓடும் பறந்தது, ஆனால் போன ஓட்டை மட்டும் வாங்கி மாற்றலாம், மடங்கிப்போன ஷீட் எடைக்குத்தான் போகும்.

ஆகவே இரும்புச் சட்டம், அதன் மேல் ஓடு. பழைய ஓட்டை எறியாதீர்கள், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வருவதை எடுத்து வைத்தால் 2.4 லட்சத்தில் கொஞ்சம் குறையும். கையில் இருக்கும் 1.5 லட்சத்தைப் போடுங்கள், குறைகிற 90,000-க்கு நகை இருந்தால் வங்கியில் வைத்து, மாதம் 7,500 அசலும் அதற்கு மேல் வட்டியும் கட்டி ஒரே வருடத்தில் மீட்டுவிடலாம். மகள் டெபாசிட்டைத் தொடவே வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் வேலை முடிகிற மாதிரி ஆளைப் பிடியுங்கள், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள்.