ஹெர்சியின் 'ஹிரோஷிமா': பழைய பிரதி வாங்குபவர்களுக்குக் கேள்வி பதில்

அணுகுண்டுக்குத் தப்பிய ஆறு பேரின் கதையைச் சொல்லும் ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா' புத்தகத்தின் பழைய பிரதிகளைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதி "என் பிரதிக்கு என்ன விலை வரும்" ரகம். விலை சொல்ல மாட்டேன். போட்டோவைப் பார்த்தே விலை சொல்கிறவர் யாராவது இருந்தால் அவரை நம்பவும் வேண்டாம். மற்றதற்கு வருவோம்.

ராணிப்பேட்டை: சார், வாலாஜாவில் ஒரு பழைய பேப்பர் கடையில் கெட்டி அட்டைப் பிரதி எடைக்குக் கிடைத்தது. உள்ளே 1946 என்று போட்டிருக்கிறது. முதல் பதிப்புதானே?

1946 என்று இருப்பதால் மட்டும் முதல் பதிப்பு ஆகிவிடாது. நியூயார்க்கில் நாஃப் நிறுவனம் இதை 1946 நவம்பரில் வெளியிட்டது. தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் வரும் காப்பிரைட் பக்கத்தில் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று அச்சிட்டிருக்க வேண்டும். அடுத்து டஸ்ட் ஜாக்கெட்டின், அதாவது கெட்டி அட்டைக்கு மேல் சுற்றியிருக்கும் தாள் உறையின், உள் மடிப்பைப் பாருங்கள். அசல் ஜாக்கெட்டில் 1.75 டாலர் விலை இருக்கும். மடிப்பின் மூலையைக் கத்தரித்திருந்தால் யாரோ பரிசாகக் கொடுக்கும்போது விலையை வெட்டியிருக்கலாம், அல்லது விலையே இல்லாத ஜாக்கெட்டை மறைக்க வெட்டியிருக்கலாம். விற்கிறவர் எப்போதும் முதல் காரணத்தைத்தான் சொல்வார்.

விலை இல்லாத ஜாக்கெட் எங்கிருந்து வந்தது? உறுப்பினர்களுக்குத் தபாலில் புத்தகம் அனுப்பும் அமெரிக்க அமைப்பான புக் ஆஃப் தி மந்த் கிளப் இந்தப் புத்தகத்தைத் தன் உறுப்பினர்களுக்கு இலவசமாகவே அனுப்பியது. அந்தப் பிரதிகள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. நம் பக்கம் கிடைப்பதில் பெரும்பங்கு அதுதான் என்பது என் கணிப்பு. 1853இல் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன், அதன் பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், அங்கே வேலை செய்த டாக்டர்கள், ஆசிரியர்கள் என்று அமெரிக்கக் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கின்றன. ஊரிலிருந்து பார்சல் வரும், அதில் புத்தகமும் வரும். திரும்பிப் போகும்போது புத்தகத்தையா கப்பலேற்றுவார்கள்? சென்னையிலேயே கிடைக்காத அமெரிக்கப் பதிப்பு வேலூர் எடைக்கடையில் கிடைப்பதன் ரகசியம் இதுதான். ஹெர்சியே மிஷனரி வீட்டுப் பிள்ளை, 1914இல் சீனாவின் தியன்ஜினில் பிறந்தவர்.

உங்கள் பிரதியின் பின்னட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கீழ் வலது மூலையில், முதுகை ஒட்டி, மை இல்லாமல் அழுத்திய சின்னக் குழி ஒன்று இருக்கிறதா? கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலால் தடவுங்கள். இருந்தால் கிளப் பிரதி. இல்லாவிட்டால் கிளப் பிரதியே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது, ஏனென்றால் அந்தக் காலத்துக் கிளப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் குழி இருக்காது. அதனால்தான் காப்பிரைட் பக்கம், ஜாக்கெட் விலை, குழி மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். கிளப் பிரதியாக இருந்தாலும் வருத்தப்படாதீர்கள். எடைக்கு வாங்கியிருக்கிறீர்கள், நஷ்டமில்லை. வேறு ஒருவர் அதையே 'முதல் பதிப்பு' என்று உங்கள் தலையில் கட்டினால்தான் நஷ்டம்.

காட்பாடி: ஐயா, புத்தகமாக வருவதற்கு முன் பத்திரிகையில் வந்ததாமே, அந்த இதழ் சேகரிக்கத் தக்கதா?

நான் எதிர்பார்த்த கேள்வி! என்னைக் கேட்டால் நாஃப் பதிப்பைவிட அதுதான் உண்மையான முதல். 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட 'நியூயார்க்கர்'. முதலில் நான்கு பகுதிகளாகப் போடத்தான் திட்டம். ஆசிரியர் ஹரால்ட் ராஸும் வில்லியம் ஷானும் யோசித்து, ஒரே இதழில் முழுவதையும் போட்டுவிட முடிவு செய்தார்கள். கார்ட்டூன் கிடையாது, வழக்கமான துணுக்குகள் கிடையாது. குண்டு விழுந்த ஊரில் உயிர் தப்பிய ஆறு பேரின் கதை மட்டும், விளம்பரங்களுக்கு நடுவே ஓடும். வாசனைத் திரவிய விளம்பரத்துக்குப் பக்கத்தில் தோல் உரிந்தவர்களைப் பற்றி வாசிக்கிற அனுபவம் புத்தகத்தில் வராது.

அட்டையில் உள்ளே இருப்பதற்கான அடையாளமே இல்லை. பூங்காவில் ஜனங்கள் கோடையை அனுபவிக்கும் வண்ணப்படம், சார்லஸ் மார்ட்டின் வரைந்தது. வாசகர்கள் அதிர்ந்துவிடக் கூடாது என்று கடைகளுக்குப் போன பிரதிகளில் ஒரு வெள்ளைத் தாள் பட்டையைச் சுற்றினார்கள். வாங்கியவர் முதல் வேலையாக அதைக் கிழித்துத்தானே படித்திருப்பார்? அதனால் பட்டையோடு கிடைப்பது மிக அபூர்வம். விலை 15 சென்ட். கடைகளில் மளமளவென்று விற்றுத் தீர்ந்தது. அடுத்த மாதமே அமெரிக்காவின் ஏபிசி வானொலி முழுவதையும் நான்கு நாட்களில் வாசித்து ஒலிபரப்பியது.

வாங்கும்போது பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பழைய விளம்பரங்களைக் கத்தரித்து பிரேம் போட்டு விற்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. பின்பக்கம் கத்தரித்தால் முன்பக்கத்தில் டாக்டர் ஃபுஜியின் பாதிக் கதை போய்விடும். இன்னொன்று, ஹெர்சி மறுபடி ஹிரோஷிமா போய் எழுதிய பின்கதை 1985 ஜூலையில் அதே பத்திரிகையில் வந்தது. 'ஹிரோஷிமா இதழ்' என்று தேதியைச் சொல்லாமல் அதை விற்கிறார்கள். தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

குடியாத்தம்: அண்ணா, ஃபர்ஸ்ட் எடிஷன் எப்படிக் கண்டுபிடிப்பது?

ராணிப்பேட்டைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆரணி: என்னிடம் இருப்பது பெங்குயின் பேப்பர்பேக். முதுகு விட்டுவிட்டது, தாள் பழுப்பாகிவிட்டது. பைண்டிங் செய்துவிடலாமா?

செய்யவே செய்யாதீர்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் பைண்டிங் கடை வாசலில் நிற்கிறார். அவர் மேல் தப்பில்லை, பள்ளிக்கூட நோட்டுக்குச் செய்வதைத்தான் இதற்கும் செய்வார். மூன்று பக்கமும் மெஷினில் வெட்டி, அட்டையைக் கழற்றி எறிந்து, காலிகோ துணி ஒட்டி, முதுகில் தங்க எழுத்தில் பெயரையும் தப்பாக அடித்துத் தருவார். சேகரிப்பவருக்கு அதன் பிறகு அது வெறும் தாள்.

பிரிட்டனின் பெங்குயின் பதிப்பும் 1946 நவம்பர்தான், வரிசை எண் 603. முதல் அச்சே இரண்டரை லட்சம் பிரதிகள். ஆகவே அபூர்வம் கிடையாது, நல்ல நிலையில் இருப்பதுதான் அபூர்வம். போர் முடிந்தும் பிரிட்டனில் தாள் ரேஷன் 1949 வரை நீடித்தது. அந்தக் காலத்துத் தாள் அப்படித்தான் பழுக்கும். அப்பளம் மாதிரி முறியும், விரித்து வைத்துப் படிக்காதீர்கள். அமிலமில்லாத தாளில் சுற்றி, ஒரு அட்டைப் பெட்டியில் படுக்கவைத்தால் போதும். செல்லோ டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். டேப் காய்ந்து உதிரும், பசை தாளுக்குள் இறங்கி மஞ்சள் கோடாக நிற்கும், பிறகு அதை எடுக்க யாராலும் ஆகாது.

ஆம்பூர்: தோல் அட்டைப் பதிப்பு ஒன்று உண்டு என்கிறார்களே?

உண்டு. 1983இல் லிமிடெட் எடிஷன்ஸ் கிளப் போட்டது, 1,500 பிரதிகள். ஓவியர் ஜேக்கப் லாரன்ஸின் சில்க்ஸ்கிரீன் (திரை அச்சு) படங்கள், ராபர்ட் பென் வாரனின் ஒரு கவிதை, கடைசியில் ஹெர்சியோடு சேர்த்து மூன்று பேரின் கையெழுத்து. நம் பக்கத்து எடைக்கடையில் கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள், வெளிநாட்டு ஏலத்தில் பார்க்க வேண்டிய சரக்கு. தோலைப் பற்றி ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஷூவுக்குப் போடுகிற பாலிஷ் எதையும் அதன் மேல் தடவாதீர்கள்.

செய்யாறு: தமிழில் இதே மாதிரி போர்க்கால அனுபவப் புத்தகம் ஏதாவது?

உங்கள் பக்கத்து வெங்களத்தூரில் பிறந்த வெ. சாமிநாத சர்மாவிடம் போங்கள். 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர், அதை எழுதியும் வைத்தார். இன்று அது நம் விஷயமில்லை.

வாணியம்பாடி: என் பிரதிக்கு என்ன விலை வரும்?

அடுத்தவர்.

சத்துவாச்சாரி: அண்ணா, என் முதல் பதிப்புக்கு ஜாக்கெட் இல்லை. நெட்டில் நகல் ஜாக்கெட் விற்கிறார்கள். வாங்கிப் போடலாமா?

அழகுக்குப் போடலாம். ஆனால் உள்பக்கம் பென்சிலில் 'நகல்' என்று எழுதிவிடுங்கள். நீங்கள் நல்லவர், உங்களுக்குப் பின்னால் விற்பவர் எப்படியோ. அசல் ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கமும் காலத்துக்கு ஏற்றபடி பழுத்திருக்கும், மடிப்புக் கோட்டில் நார் தெரியும். நகல் உள்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரம் பொடிப்பொடியாகத் தெரிந்தால் லேசர் பிரிண்ட்.

தொரப்பாடி: சார், என் பிரதியில் ஒரு நர்ஸ் விடுதி நூலகத்தின் வட்ட முத்திரை ஊதா மையில் இருக்கிறது. பின்னால் கார்டு பையும் தேதிச் சீட்டும் இருக்கின்றன. எடைக்கடையில் வாங்கியது. முத்திரையை அழிக்க என்ன தடவ வேண்டும்?

எதையும் தடவாதீர்கள். பிளேடால் சுரண்டாதீர்கள், தாள் மெலிந்து அங்கே வெளிச்சம் தெரியும். முத்திரை இருக்கும் பிரதிக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு, சுரண்டிய பிரதிக்கு அதைவிடக் குறைவு.

பாகாயம் (ஓய்வுபெற்ற நூலகர்): குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். அழிப்பது இருக்கட்டும், அவர் அதை வைத்திருக்கலாமா என்பதுதான் கேள்வி. நீக்கப்பட்டது என்ற முத்திரை இல்லாத நூலகப் புத்தகம் நூலகத்தின் சொத்து.

சைதாப்பேட்டை (பழைய புத்தக வியாபாரி): ஐயா சொல்வது சட்டப்புத்தகத்தில் சரி. விடுதியை இடித்துக் கட்டும்போது மூட்டை மூட்டையாக எடைக்குப் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் யார் உட்கார்ந்து முத்திரை குத்துவது? அன்று நாங்கள் எடுக்காவிட்டால் அத்தனையும் அரவை மில்லுக்குப் போயிருக்கும்.

பாகாயம்: எடைக்குப் போட்டவருக்கு அதிகாரம் இருந்ததா என்று கேட்டீர்களா? வார்டனிடம் கேட்காமல் காவலாளி போட்டாலும் உங்களுக்கு மூட்டைதானே?

சரி, இரண்டு பேரும் நிறுத்துங்கள், நான் சொல்கிறேன். நூலகர் சொல்வதுதான் முறை. நூல் வரவுப் பதிவேட்டில் அந்தப் புத்தகத்தின் எண்ணை அடித்து, புத்தகத்திலும் நீக்க முத்திரை குத்திய பிறகே வெளியே விட வேண்டும். வியாபாரி சொல்வதும் பொய் இல்லை, நம் ஊரில் முக்கால்வாசி அப்படி நடப்பதில்லை. அதனால் சேகரிப்பவர் என்ன செய்வது? முத்திரை இருந்து நீக்கக் குறி இல்லாத பிரதியை, அந்த நூலகம் இன்னும் இயங்குகிறது என்று தெரிந்தால், கேட்காமல் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டால் எழுதிக் கேளுங்கள். வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றால் இரண்டு வரி எழுதி வாங்கி, புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை விற்கப் போனால் அந்தக் காகிதம்தான் பேசும்.

சைதாப்பேட்டை: எழுதி வாங்கவா? கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

போஸ்ட் கார்டு போடுங்கள். அதை கேட்டில் நிறுத்த மாட்டார்கள்.

பாகாயம்: ஒன்று கேட்கிறேன், அந்தத் தேதிச் சீட்டில் என்ன இருக்கிறது?

தொரப்பாடி: நிறையத் தேதிகள். 1950களில் நெருக்கமாக, அப்புறம் இடைவெளி விட்டு, கடைசித் தேதி 1961. ஓரத்தில் குண்டூசித் துரு. ஒரு பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள், செஞ்சிலுவை ஆஸ்பத்திரி வரும் இடம்.

அந்த இடம் எனக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் காயம்படாமல் தப்பிய ஒரே டாக்டர் டெருஃபுமி சசாகி. தன் மூக்குக் கண்ணாடி பறந்துபோக, அடிபட்ட நர்ஸின் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பிப்பார். நர்ஸ் படிப்பு படித்த பெண்கள் அங்கே பென்சிலை வைத்ததில் ஆச்சரியமில்லை. ஜாக்கெட் இல்லாத, முத்திரை குத்திய, கோடு போட்ட இந்தப் பிரதிக்குச் சந்தையில் காசு கிடைக்காது. எனக்குக் கொடுத்தால் முதல் பதிப்புக்குப் பதிலாக எடுத்துக்கொள்வேன். சந்தையும் நானும் ஒத்துப்போனதே இல்லை.

சைதாப்பேட்டை: அப்படியானால் இனி முத்திரை இருக்கும் சரக்கை உங்களிடம் கொண்டு வருகிறேன், விலை ஏற்றித் தருவீர்களா?

மாட்டேன்.

அரக்கோணம்: வாங்கிப் படிக்க மட்டும் எந்தப் பதிப்பு நல்லது?

1985க்குப் பிறகு வந்தது எதுவானாலும். அதில் அந்த ஆறு பேரும் பிறகு என்ன ஆனார்கள் என்ற ஐந்தாவது அத்தியாயம் இருக்கும். பழைய பிரதிகளில் நான்குதான்.

கொசப்பேட்டை: புத்தகத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு என்ன செய்வது? பரணில் வைத்திருக்கிறேன்.

முதலில் பரணிலிருந்து இறக்குங்கள். மே மாதத்து வேலூரில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண் அடுப்பு. பீரோவில் நடுத்தட்டில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். வசம்பு ஒரு துண்டைத் துணியில் முடிந்து பக்கத்தில் போடலாம், புத்தகத்துக்குள் வேண்டாம், கறை பிடிக்கும்.

குடியாத்தம்: அண்ணா, காப்பிரைட் பக்கம் என்பது எது?

தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம். இதையும் ராணிப்பேட்டைக்காரரிடம் சொன்னேன்!

தொரப்பாடி: சார், விடுதிக்கு போஸ்ட் கார்டு எழுதிவிட்டேன். கொடுக்கும்படி ஆனால் நல்லபடியாகக் கொடுக்க வேண்டும். தேதிச் சீட்டு கழன்று தொங்குகிறது. ஓரத்தில் கொஞ்சம் செல்லோ டேப் போட்டு ஒட்டிவிடட்டுமா?

வேண்டாம். சீட்டைக் கழற்றி, ஒரு வெள்ளைக் கவரில் போட்டு, அதே பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். ஒட்டுவதா வேண்டாமா என்பதை அவர்கள் நூலகர் பார்த்துக்கொள்வார்.